மூன்று பாகை பத்துக் கலை

ஹாகனில் நவம்பர் மழை.
கொசின்ஸ்கியின் தூக்கியில் என் கார்
கால் நான்கும் தொங்க நிற்கிறது.
பின் டயரின் வெளிப்பக்கம் புத்தம் புதிது.
உள்பக்கத்தை அவர் விரலால் காட்டினார்:
கம்பி.

ஏழாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.
நாற்பது மில்லிமீட்டர் பதித்ததற்கு இதுவாம் விலை.
சக்கரம் இரண்டும் தலையை உள்ளே சாய்த்து
ஏதோ ரகசியம் பேசியபடி ஓடியிருக்கின்றன.

பதித்தது நான்தான். ஒருவரும் தூண்டவில்லை.
பார்சல் கிடங்கில் இரவு வேலை முடிந்து
நாலரைக்கு வெளியே வந்தால்
நூறு கார்களுக்குள் ஒன்று மட்டும்
தரையோடு பதுங்கி எனக்காக இருக்கும்.
வேறு காரணம் கிடையாது.
மாமி பார்த்துவிட்டுக் கேட்டார்:
"ஏன் பிள்ளை, காத்து இறங்கிப் போச்சோ?"

இனி மேல் கைகள் வாங்கவேண்டும்,
நீளம் கூட்டிக் குறைக்கக்கூடியவை.
கை நீண்டால் சக்கரத்தின் தலை வெளியே வரும்,
நிமிரும்.
மூன்று வாரமாய் இதே யோசனை,
பெட்டிகள் உருளும் பட்டையின் அருகே நின்றும்
அரிசி கழுவும்போதும்.

ஒன்று நீலம், நூற்றிருபது யூரோ.
முனைகளில் இரும்புக் குண்டு மூட்டு,
படத்தில் தோடு மாதிரி மின்னியது.
"ஒரு குளிர்காலம் தாங்கும்" என்றார் கொசின்ஸ்கி.
"சாலை உப்பு உள்ளே போனால்
தகர டப்பாவுக்குள் கல் போட்டதுபோல் கிலுங்கும்.
சான்றுக் காகிதம் இருக்கிறதா?"
இல்லை.
காகிதம் இல்லாதது இந்த நாட்டில் ஓடாது.
அதை எனக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்றில் மஞ்சள் பிளாஸ்டிக் புஷ்.
கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும்,
அதிகாலை நாலேமுக்காலுக்கு,
ஃபிராவ் லோகாம்பின் ஜன்னலுக்கு நேர் கீழே.

கடைசியில் இருந்தது கறுப்பு. அழகே இல்லை.
ரப்பர் புஷ், நானூற்று அறுபது, காகிதத்தோடு.
ஒரு முனையில் இடமரை, மறுமுனையில் வலமரை.
கழற்றவே வேண்டாம்,
நடுவில் சாவி போட்டு ஒரு திருப்புத் திருப்பினால்
இரண்டு பக்கமும் ஒரே அளவாய் விலகும்.
அதைப் படித்ததும் அதுதான் என்று முடிவாகிவிட்டது.

பழைய அளவை முதலில் குறிக்கவேண்டும் என்றார்.
சாரதி இருக்கையில் பாரம் வைப்பார்களாம்.
"உங்கள் எடை?"
அறுபத்தெட்டு என்றேன்.
அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.
"நீங்களே ஏறி உட்காருங்கள்."

திரையில் எண்கள் நடுங்கி நின்றன.
வலது ஒரு பாகை ஐம்பத்தைந்து கலை, பச்சை.
இடது மூன்று பாகை பத்துக் கலை, சிவப்பு.
"பதித்தால் இரண்டும் சேர்ந்துதான் சாயும்.
இது நடைபாதைக் கல்" என்றார்.
டார்ச் வெளிச்சத்தில்,
இடது சக்கரத்தைத் தாங்கும் இரும்பில்
நகக்கண் அளவு வளைவு.

சித்திரையில் சுகிர்தன் காரைக் கொண்டுபோனார்,
முன்ஸ்டரில் சிநேகிதனின் கலியாணத்துக்கு.
"ஓட்டம் எப்படி?"
"ஒண்டும் இல்லை, நல்லாத்தான் ஓடிச்சுது."
கழுவித் தந்தார்.
பதினொரு வருடத்தில் அவர் கழுவிய ஒரே கார்.
நானும் சந்தோசப்பட்டேன்,
பக்கத்துவீட்டுக்காரியிடம் சொல்லியும் இருக்கிறேன்.

கொசின்ஸ்கி கையைத் துணியில் துடைத்தார்.
"புதுக் கையில் மரை மிச்சம் இருக்கிறது.
இடதை இன்னும் ஐந்து சுற்று நீட்டினால்
எண் இரண்டும் சமமாகிவிடும்.
ட்யூஃப்காரர் திரையைத்தான் பார்ப்பார்.
ஆனால் வளைந்தது வளைந்தபடியே கிடக்கும்."

கூரைத் தகட்டில் மழை.
"மாற்றிவிடுங்கள்" என்றேன்.
ஷ்வேர்ட்டாவில் உடைத்து விற்கும் இடம் இருக்கிறது,
எழுபது யூரோவுக்கு ஒன்று கிடைக்கும் என்றார்.

ஐந்து மணிக்கு சுகிர்தன் என்னைக் கூட்டிப்போக வந்தார்.
அளவுத் தாள் மேசையில் கிடந்தது.
காரைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர்
இடது எது, வலது எது என்பதை
நெடுநேரம் வாசித்தார்.

"எவ்வளவாம்?"
"எதுக்கு எவ்வளவு?"

அவர் பதில் சொல்லவில்லை.
பணப்பையைத் திறந்து
ஐம்பது ஐம்பதாக
எண்ணத் தொடங்கினார்.