நாலாவது மாடி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு கேட்கும்.
உள்ளே சுவரில் ஓர் இரும்புப் பெட்டி,
பத்து தெத்ரி விழுந்தால்தான் அசையும்.
திபிலீசியின் இந்தப் பக்கம் அப்படித்தான்,
சொந்த வீட்டுக்கு ஏறவும் கட்டணம்.

ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைத்துவிட்டு
விடிகாலை வேனில் வருவேன்.
கோவிலைத் தாண்டும்போது
வேன் முழுக்க மூன்று முறை சிலுவை போட்டுக்கொள்ளும்:
அரைத்தூக்கத்தில் இருப்பவர்கள்,
ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பவள்,
ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்து டிரைவர்.
நானும் போடுவேன்.
கை தானாகப் போகும்,
மனசு உருளைக்கிழங்கு விலையில் இருக்கும்.

காசை மிச்சம் பிடிக்கத்தான் படியேறுகிறேன் என்று
கோச்சாவிடம் சொல்லியிருக்கிறேன்.
கோச்சா என் கணவர். இடுப்பெலும்பு முறிந்து
ஒன்பதாவது மாடியில் ஜன்னலோரம் படுத்திருக்கிறார்.
உண்மை வேறு.
எனக்குப் படிகளில்தான் ஜெபம் வரும்.
மாடிக்கு ஒரு வரி.
முதல் மாடியில் பிதாவே என்பேன்.
இரண்டாவதில் பூனை மூத்திர நாற்றம், அங்கேதான் அவர் நாமம்.
மூன்றாவதில் அப்பம் கேட்பேன்,
கூடவே கொஞ்சம் மூச்சும்.

நாலாவதில் வந்து நிற்கும்
கடன் என்கிற அந்தச் சொல்.

நாலாவதில் தேங்கிஸ் இருக்கிறான்.
மகள் கல்யாணத்துக்கென்று முந்நூறு லரி வாங்கினான்.
கல்யாணம் நடந்தது.
பேத்தி பிறந்து, பல்லும் முளைத்துவிட்டது.
அவன் கதவின் முன்னால் தினமும்
ஜெபம் மீன்முள்ளாகத் தொண்டையில் சிக்கும்.
கொஞ்சம் நிற்பேன். பிறகு
அந்த வரியை விட்டுவிட்டு ஐந்தாவதுக்கு ஓடுவேன்.
கடவுளுக்கு எண்ணத் தெரியாதா என்ன.

ஜனவரியில் ஒருநாள் கரண்ட் இல்லை.
காசு இருந்தவர்களுக்கும் அன்று படிதான்.
ஒரு கையில் உருளைக்கிழங்கு மூட்டை,
ஒரு கையில் கோச்சாவின் மருந்தும் டயப்பரும்.
நாலாவதில் வழக்கம்போல் தாண்டப் பார்த்தேன்,
கால் வரவில்லை.
சுவரில் சாய்ந்தேன்.
இருட்டில் நாய் மாதிரி இரைத்தது, நான்தான்.

கதவு திறந்தது.
மெழுகுவத்தியும் காலுறையுமாகத் தேங்கிஸ்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்தான்.
அதைத் தோளில் தூக்கினான்,
மெழுகுவத்தியை என் கையில் கொடுத்தான்.
ஐந்து மாடி.
ஏழாவதில் அவனும் நாய்.

ஒன்பதாவதில் இறக்கிவைத்துவிட்டுச் சொன்னான்:
"தினமும் என் வாசலில் மட்டும் நிற்கிறாய், ம்சியா.
ஏசத்தான் நிற்கிறாய் என்று
நானும் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்."
"ஏசவில்லை."
"பிறகு?"
சொல்ல வெட்கமாயிருந்தது.
"இளைப்பாறினேன்" என்றேன்.
அவன் காலுறை சிமெண்ட்டில் தேயத் தேய
இறங்கிப் போகும் சத்தம் நாலாவது வரை கேட்டது.

எங்கள் நாட்டுச் சிலுவையைப் பார்த்திருக்கிறீர்களா?
திராட்சைக் கொடியில் கட்டியது.
கைகள் நேராக நீளாது, கீழே தொங்கும்.
சின்ன வயசில் நினைத்ததுண்டு,
யாரோ சரியாகக் கட்டத் தெரியாமல் கட்டியது என்று.
அன்றிரவு கோச்சாவின் தலைமாட்டில் அது
இரண்டு பக்கமும் பை சுமந்து
படியேறி வந்த ஆளைப் போலிருந்தது.

முந்நூறு லரி இன்னும் வரவில்லை.
வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை,
அவ்வளவு நல்லவள் இல்லை.
அந்த வரியை மட்டும் இப்போது விடுவதில்லை.
பாதிக் குரலில் சொல்கிறேன்.
சில காலைகளில் லிஃப்ட் பெட்டியின் தலையில்
ஒரு பத்து தெத்ரி உட்கார்ந்திருக்கும்.
யாரென்று நான் கேட்கவில்லை.
எடுக்காமல் படிக்கே திரும்பிவிடுவேன்.

நேற்று எடுத்தேன். பை கனம், முழங்காலில் வலி.
உள்ளே காசு விழுந்தது, லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது.
நாலாவது மாடியைத் தாண்டும்போது
பைகளைக் கீழே வைத்துவிட்டு
மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டேன்.
கை தானாகப் போகவில்லை.
நான்தான் தூக்கினேன்.