நான்கு விரல் தூரம்

தௌகவ்பில்ஸ் நீதிமன்றத்தில் எனக்கு வேலை.
லாட்விய மொழி தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து
நீதிபதி பேசுவதையெல்லாம்
ருஷ்ய மொழியில் கிசுகிசுக்க வேண்டும்.
அவர் காதுக்கும் என் வாய்க்கும்
நான்கு விரல் தூரம்.
அந்த நான்கு விரலுக்குள்தான் என் பிழைப்பு.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இது மூன்றாம் வருடம்.
இரத்தம் கழுவாத நாட்களில்
தலைச்சாயப் புட்டியைத் திறந்ததுபோல் என் மூச்சு.
குப்பை வண்டி வராத தெருவில்
வீட்டுக்காரர்களே வாளி தூக்குவதில்லையா,
அப்படி
சிறுநீரகம் விட்ட வேலையில் கொஞ்சத்தை
நுரையீரல் சுமக்கிறதாம்.
கேட்டதிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.
பக்கத்து நாற்காலிக்கு அதெல்லாம் தெரியாது.
அது மெல்ல நகரும்.

நாக்கை வழித்தேன். சீமைச்சோம்பு மென்றேன்.
புதினா மிட்டாய்,
மீன்கூடைமேல் வைத்த ரோஜாவாய், தனியாக மணத்தது.
நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான்,
சூப்பும் அந்தக் கணக்கில்.
கொப்பளித்துத் துப்பும்போதெல்லாம்
தொண்டை என்னைத் திருடியைப்போலப் பார்க்கும்.
எலுமிச்சைச் சாற்றை உறையவைத்து
ஃப்ளாஸ்கில் நான்கு கட்டி கொண்டுபோகிறேன்.
மணிக்கட்டை நக்கி, பத்து எண்ணி
முகர்ந்தால் ஒன்றுமில்லை.
சொந்த மூக்கிடம்
சொந்த வாய் பொய்சாட்சி சொல்லும்.

அய்வார்ஸ் ஒன்றும் சொல்வதில்லை.
ஜனவரியில் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து
"புழுக்கமாக இருக்கிறது" என்கிறான்,
போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு.
இருபத்தாறு வருடத்தில்
அவன் எனக்குச் சொன்ன பொய்களில்
இதமானது அதுதான்.
அதுதான் சுடுவதும்.

திங்கட்கிழமை.
சனிக்குப்பின் இரண்டு நாள் கழுவாத இரத்தம்.
மேல்வீட்டுக் குழாய் வெடித்து
கீழ்வீட்டுக் கூரைப்பூச்சு விழுந்த வழக்கு.
சாட்சி கபித்தோலினா, எழுபதைத் தாண்டியவள்,
கம்பளித் தொப்பியைக் கழற்ற மறுத்தவள்.
எப்படியும் விலகுவாள் என்று
நானே முந்திக்கொண்டு விலகி உட்கார்ந்தேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் வந்தாள்.
ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தாள்.
பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி, ருஷ்ய மொழியில்:
"செவ்வாய், வியாழன், சனியா, மகளே?
எங்கள் வீட்டில் எட்டு வருடம் இந்த வாடை இருந்தது.
அவர் போனபிறகு
தலையணையுறையை நான் துவைக்கவேயில்லை."

நீதிபதியின் பேனா நின்றது.
"சாட்சி என்ன சொல்கிறார்?"

ஒரு சொல்லையும் விழுங்கக்கூடாது என்பது எங்கள் தொழில்.
சாட்சி "நான்" என்றால்
நானும் "நான்" என்றே சொல்லவேண்டும்.

எழுந்தேன்.
வாயை மூடியிருந்த கைக்குட்டையை மடித்து வைத்தேன்.
மூன்று வருடமாக அலுவலகத்தில்
நான் மூச்சுவிடாத சேதியை
உரத்த லாட்வியத்தில் சொன்னேன்:
"செவ்வாய், வியாழன், சனியா, மகளே?
எங்கள் வீட்டில் எட்டு வருடம் இந்த வாடை இருந்தது.
அவர் போனபிறகு
தலையணையுறையை நான் துவைக்கவேயில்லை."

யாருடைய வீடு, யாருடைய வாய் என்று
யாருக்கும் சட்டென விளங்கவில்லை.
சொல்லி முடித்த எனக்கும்தான்.

"வழக்குக்குச் சம்பந்தமில்லை" என்றார் நீதிபதி,
கொஞ்சம் தாமதித்து.
மறுபடி கூரை, ஈரம், முந்நூற்று நாற்பது யூரோ.
கபித்தோலினா நான்கு விரலை இரண்டாக்கினாள்.
காது மந்தம் என்றாள்.
அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அன்றிரவு ஜன்னலை நானே போய் மூடினேன்.
"நாளை செவ்வாய்" என்றேன், அய்வார்ஸின் முதுகிடம்.
அவன் என் பக்கம் புரண்டான்.
தூக்கத்திலா, விழித்தா, தெரியவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
மிச்சமிருந்த எலுமிச்சைக் கட்டியைக்
கன்னத்தில் அதக்கிக்கொண்டேன்.