கானாக், மார்ச்

கடல் உறையும்போது உப்பைத் துப்பிவிடும்.
துப்பியதெல்லாம் போய்விடுவதில்லை;
மயிரிழை நாளங்களில்
உறையாமல் பதுங்கியிருக்கிறது கொஞ்சம்.
இவாலு பனித்தண்டை உருவி
நாய்வண்டியில் கிடத்துகிறாள்.

எந்தப் பருத்திக்காட்டிலோ
யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு தெளித்தது.
அந்தப் புழு செத்து முப்பது வருஷம்.
மருந்து சாகவில்லை. காற்றேறி வந்து
குளிர் கண்ட இடத்தில் இறங்கிக்கொண்டது.

"இங்கே வயலே இல்லையே" என்கிறான் உசார்காக்,
நாய்களுக்கு மீன் எறிந்தபடி.
"கொசுதான் உண்டு. அதுவும் சாகவில்லை."

மே மாதம் நாளங்கள் திறக்கும்.
முதல் மிடறு பாசிக்கு,
அடுத்தது கூனிக்கு,
பிறகு மீன், சீல், இவர்கள் சட்டி.

கோபன்ஹேகன் போகும் பெட்டியில்
கடைசிக் குப்பி சின்னது, இன்னும் வெதுவெதுப்பு:
சற்றுமுன் அவளே பீச்சியது.
லேபிளில் 'கடல்பனி' என்று
கைதவறி எழுதிவிட்டாள்.
அடித்துத் திருத்தவில்லை.