ஏழு விநாடி

டிரானா. எட்டு மணிச் செய்தி.
கேமராவுக்குக் கீழே இருட்டில்
மிமோசா குமிழைத் திருகத் திருக
எழுத்து மேலேறும்;
அமைச்சர் ஒவ்வொன்றாகக் கொத்துவார்,
கோழி மாதிரி.

இன்று தும்மல் வந்தது.
வாயைப் பொத்தினாள், விரல் நின்றது.
‘நம் தெற்கு எல்லையில்’ —
அதோடு அமைச்சரும் நின்றார்,
கண் மட்டும் லென்சில் குத்திட்டு.
ஏழு விநாடி
நாடே இமைக்கவில்லை.

பிறகு நகர்த்தினாள்:
‘இவ்வாண்டு ஆலிவ் அமோக விளைச்சல்.’

பேருந்தில் ஒருவருக்கும் ஆலிவ் நினைவில்லை.
எல்லையில் என்ன, எல்லையில் என்ன என்றே பேச்சு.
ரொட்டிக்கடையில் வரிசை தெருமுனை தாண்டி வளைந்திருந்தது.

வீட்டில் பெஸ்னிக் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தான்.
“அந்த மௌனத்தைப் பார்த்தாயா?”
“தும்மல்டா அது,” என்றாள்.
அவன் சிரித்தான். நம்பவில்லை.

நல்லவேளை,
வரும் வழியில் அவளும்
கடைசி இரண்டு கிலோ மாவை
வாங்கி வந்திருந்தாள்.