ஜனவரிக் கணக்கு

பனி ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது.
ஹான்காக் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்
ஒன்பது பெண்கள், இரண்டு காபிக் கெட்டில்கள்.
ஜனவரியின் முதல் புதன்கிழமை
பொய் சொல்லக் கூடாத நாள்.
வீட்டில் முடியாமல் கிடப்பவற்றை
வாய்விட்டு எண்ண வேண்டும்.

டொரீன் நான்கு என்றாள். யாரும் நம்பவில்லை.
இர்யா பதினேழு என்றாள்,
காரில் கிடப்பதைச் சேர்க்காமல்.
நான் ஆறு என்றேன்.
ஏழாவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

தம்பி மகளுக்கு ஒரு தொட்டில் போர்வை:
ஐந்து வாத்துகளுக்குக் கண் வைத்தேன்,
ஆறாவது இன்னும் குருடு.
அவள் இப்போது பள்ளிப் பேருந்தில் ஏறுகிறாள்.
வாத்து பிடிக்காது என்று
தெளிவாகச் சொல்லியும் விட்டாள்.
மற்றதில் மூன்று ஒரே பெட்டியில்;
எது எதனுடைய துண்டு என்று
எனக்கே பிடிபடுவதில்லை.

எனக்கு இரவுப் பணி.
கவுண்டி சாலைத் துறையில்
பனிவாரி லாரிகளுக்கு வழி சொல்கிற வேலை.
மைக் கையருகில், பூத்தையல் வளையம் மடியில்.
"இருபத்தாறாம் சாலை மூடிக்கிடக்கு" என்பான் வைனோ.
"வாரு" என்பேன்.
வாரிவிட்டுத் திரும்பினால்
பின்னாலேயே மூடியிருக்கும்.
சாலை முடிந்தது என்று
அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு அழைப்புகளுக்கு நடுவே
ஓர் இதழை நிரப்பிவிடலாம்.
விபத்து என்றால்
பாதி இதழில் ஊசி குத்திட்டு நிற்கும்.
எந்த இரவு மோசமாகக் கழிந்தது என்பதை
என் பூக்களைத் தடவிச் சொல்லலாம்:
கண்ணுக்குத் தெரியாது,
நூல் அங்கே கொஞ்சம் இறுகியிருக்கும்.

ஏழாவது
இரட்டை மோதிர ஒட்டுப்போர்வை.
கார்லாவுக்கும் டேரிலுக்கும்.
வளையத்துக்குள் வளையம் கோத்து
ஐந்நூற்றுச் சொச்சம் துண்டுகள்.
கல்யாணம் ஜூனில்.
நான் துணி வெட்டத் தொடங்கியதும் அதே ஜூனில்.
முதல் ஆண்டு நிறைவுக்கு என்றேன்,
பிறகு ஐந்தாம் ஆண்டுக்கு.
போன அக்டோபரில் பிரிந்தார்கள்.
படகு அவனுக்கு, நாய் அவளுக்கு.
போர்வை யார் பேருக்கும் எழுதப்படாமல்
என் அலமாரி மேல்தட்டில்.

சீக்கிரம் முடித்திருந்தால், என்று
ராத்திரி மூன்று மணிக்கு ஒரு நூல் ஓடும்.
அபத்தம்தான்.
துணிக்கும் துணிக்கும் நடுவே வைத்த பஞ்சு
எந்த வீட்டைத் தாங்கியிருக்கிறது?

அந்தப் புதன்கிழமை பொய் உறுத்தியதோ என்னவோ,
பிப்ரவரியில் அதை வேலைக்கு எடுத்துப் போனேன்.
மேசை கொள்ளவில்லை.
மடி, நாற்காலி, ஃபேக்ஸ் மெஷின் எல்லாம் மோதிரங்கள்.

இரண்டு மணிக்கு ஓர் அழைப்பு.
"எங்க ரோட்டுக்கு லாரி எப்போ வரும்?
ஹீட்டர் நின்னுபோச்சு,
ரிப்பேர் ஆளால மேடு ஏற முடியல."
பெயர் கேட்கவில்லை.
பின்னால் குரைத்த நாயையும் எனக்குத் தெரியும்.

மணல் நிரப்ப வந்த வைனோவிடம்
அள்ளிக் கொடுத்தேன், அப்படியே:
பாதி தைத்தது,
மீதி கச்சாத் தையலும் குண்டூசியுமாக.
"என்ன சொல்லிக் கொடுக்கிறது?" என்றான்.
"குண்டூசி இருக்கு, பார்த்து, அவ்வளவுதான்."

விடிந்தபின் கார்லா அனுப்பிய செய்தி:
பதினோரு குண்டூசி எடுத்தாச்சு.
இன்னும் எத்தனை?

எனக்கும் தெரியாது.

போர்வை திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.
நாய்க்குத் தைக்காத பாதிதான் பிடிக்கிறதாம்,
அங்கேதான் பஞ்சு மெத்தென்று இருக்கிறதாம்.

மறுபடி ஜனவரி, மறுபடி கீழ்த்தளம்.
முடியவில்லை, ஆனால் வீட்டிலும் இல்லை,
அதை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.
கண்ணாடியை மூக்கில் இறக்கி
இர்யா தீர்ப்புச் சொன்னாள்:
"போர்த்திக்கொண்டாகிவிட்டால்
கணக்கில் இல்லை."
ஆறு என்றேன்.
இந்த முறை உண்மை.

வெளியே வந்து காரைத் தோண்டி எடுத்தேன்.
முன் இருக்கையில், காலையில் வாங்கிய
ஒன்றரை கெஜம் நீலத் துணி.
இன்னும் கத்தரி வைக்கவில்லை.
கத்தரி வைக்காத துணி
துணிதான்.