மவுண்ட் பொருத்தம்

காங்கேயம் மண்டபம், விடிகாலை நாலரை.
பெண் வீட்டுக்குத் தெய்வசிகாமணி, கேனான்.
மாப்பிள்ளை வீட்டுக்கு நான், சோனி.
முதலில் கழுத்தில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டோம்,
முகத்தை அப்புறம்.

என்னுடையது கண்ணை விடாது;
அருமைக்காரர் குனிந்தாலும் துரத்திப் பிடிக்கும்.
மஞ்சளில்தான் ஒரு பச்சை ஓடும்,
ஈரோட்டுச் சந்தையில் விலை போகாது.
அவருடைய எண்பத்தைந்து
லென்ஸ் மட்டுமே கிலோவுக்கு மேல்,
தாலிக்கு முன்னே தோள் இறங்கிவிடும்.
ஆனால் தோலை
வெண்ணெய் தடவினாற்போல் எடுக்கும்.
"உங்களுது ரொம்பக் கறாருங்க" என்றார்,
"பருவெல்லாம் எண்ணிப் போடுது."

இணைச்சீர் தொடங்குகிற நேரம்
நாதஸ்வரக்காரர் கால் பட்டு
என் லென்ஸ் படியில் உருண்டது.
உள்ளே ஏதோ கலகலத்தது.
பேசாமல் தன்னுடையதைக் கழற்றி நீட்டினார்.
வாங்கிய பிறகுதான்
இரண்டு பேருக்கும் உறைத்தது.

நாங்கள் ஒரே கூட்டத்துக்குள்
பொண்ணு எடுக்க மாட்டோம்.
இதுகளோ
சொந்தக் கூட்டம் தாண்டிக் கட்டவே கட்டாது.
இந்தச் சம்பந்தத்துக்கு
அடாப்டர் என்றொரு தரகரும் கிடையாது.

"அட, பாடியோட புடிங்க."
வாரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு
என் லைட்டைத் தூக்கிக்கொண்டார்.
வேற்று வீட்டுச் சமையலறையில்
உப்பைத் தேடின என் விரல்கள்.
இணைச்சீர்க்காரி கூடையோடு வந்து நின்றாள்.
எடுத்தேன்.
மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

கார்டு அவருடையது என்பது
மண்டபம் காலியான பிறகுதான் நினைவு வந்தது.
அன்றைக்கு நான் எடுத்ததிலேயே நல்ல படம்
பெண் வீட்டு ஆல்பத்தில், பதினேழாம் பக்கம்,
கீழ்மூலையில்
தெய்வசிகாமணி ஸ்டுடியோ.