முடிவுகள்: 0

ரீகா நகரத்து டிராம்களில் மறந்துவிட்டுப் போன பொருட்கள்
மொத்தம் பதினாறாயிரத்துச் சொச்சம்.
அத்தனைக்கும் ஒரே ஒரு தேடல் கட்டம்.
அதை எழுதியவன் வேலையை விட்டுப் போய்விட்டான்;
திருத்த வந்தவள் நான்.

முதல் வாரம் நிரல் பக்கமே போகவில்லை.
எதுவும் அகப்படாமல் திரும்பியவர்கள்
என்ன தட்டினார்கள் என்ற பட்டியலை மட்டும் வாசித்தேன்.
நீலக் குடை.
நீலக்குடை.
நீல குடை பிடி உடைந்தது.
பதினொன்றாம் எண் டிராமில் விட்டேன் தயவுசெய்து.
ஒருவர் ஒரு பெயரைத் தட்டியிருந்தார்,
வெறும் பெயரை,
மூன்று முறை.

ஒவ்வொன்றின் எதிரிலும் முட்டை.

குடை இருந்தது. கிடங்கில் எழுபது குடைகள் இருந்தன.
எங்கள் மொழியில் குடைக்கு மழைக்காவலன் என்று பெயர்;
யாரோ ஒரு குமாஸ்தா மழைக்கும் காவலனுக்கும் நடுவில்
ஓர் இடைவெளி விட்டுவிட்டார்.
அந்த ஓட்டை வழியாக ஒழுகிப் போயிற்று எல்லாம்.

எழுத்தின் தலைமேல் கோடும் கொக்கியும் போடுகிறவர்கள் நாங்கள்.
குளிரில் கைபேசியைத் தட்டுகிறவர்களுக்கு
அந்தத் தொப்பியெல்லாம் மாட்டப் பொழுதில்லை.
தொப்பியைக் கழற்றிவிட்டு ஒப்பிடு என்றேன் இயந்திரத்திடம்.
கையுறை, கையுறைகள், கையுறையை, கையுறைக்கு:
வாலை விட்டு அடியை மட்டும் பார் என்றேன்.
சொற்களின் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த வெற்றிடங்களைத்
துடைத்தெறிந்தேன்.

முட்டைகள் பாதியாயின.
கவுன்ட்டரிலிருந்து ட்ஸின்ட்ரா கூப்பிட்டாள்:
"முன்பு ஒன்றுமே இல்லை என்றது.
இப்போது பை என்றால் ஆயிரத்து நூறு பை காட்டுகிறது.
இது உதவியா, உபத்திரவமா?"
நியாயம்தான்.
நிறம், தடம், தேதி என்று வடிகட்டிகள் வைத்தேன்.

வியாழன்தோறும் ஓயார்ஸ் வருவார்.
சதுரங்கக் கடிகாரம் என்று தட்டுவார்.
கடந்த மாதம் என்று தேர்வார்.
முட்டை.
"பரவாயில்லை" என்பார், ஏதோ
நான்தான் தொலைத்தவள் போல.

அவர் போன பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக உருவினேன்.
சதுரங்கத்தை எடுத்தேன். வரவில்லை.
தேதியை எடுத்தேன்.
ஒரு வரி எழுந்து வந்தது:
கடிகாரம். மரம். இரண்டு முகம். ஒன்று ஓடவில்லை.
தேதிக் கட்டம் காலி.

காலிக் கட்டத்தின் குணம் அப்போதுதான் உறைத்தது.
கடந்த மாதத்ததா என்றால் ஆம் சொல்லாது.
கடந்த மாதத்தது இல்லையா என்றாலும்
ஆம் சொல்லாது.
வாய் திறக்காதவர்களை எல்லாம்
இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தது
நான் வைத்த வடிகட்டி.
நானூற்றுப் பன்னிரண்டு பொருட்கள்,
அலமாரியில், கண்ணெதிரே,
எந்தக் கேள்விக்கும் சிக்காமல்.

ஒரு சின்னக் கட்டம் சேர்த்தேன், அடியில்:
தேதி தெரியாதவற்றையும் காட்டு.
யாரும் கேட்கும் முன்பே அதில் குறியிட்டு வைத்தேன்.

அடுத்த வியாழன் ட்ஸின்ட்ரா கடிகாரத்தைக் கொண்டுவந்தாள்.
ஓயார்ஸ் புரட்டிப் பார்த்தார், அடிப்பக்கம் பார்த்தார்.
"என்னுடையது இல்லை.
என்னுடையதில் இடது பொத்தான் தேய்ந்திருக்கும்.
இதில் வலது.
எனக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள்."
ஆனாலும் கீழே வைக்கவில்லை.
சாவி கொடுத்தார்.
ஓடாத முகம் இரண்டு முறை துடித்து நின்றது.

இன்றைய தேதியைப் போட்டுவிடட்டுமா என்றாள் ட்ஸின்ட்ரா.
வேண்டாம் என்றேன்.
தெரியாததைத் தெரியாததாகவே விடு.
சதுரங்கம் என்ற சொல்லை மட்டும் சேர்த்தாள்,
தொப்பியோடு, ஒழுங்காக.

அன்றிரவுப் பட்டியலில் பதினேழு முட்டை.
பதினாறுக்குக் காரணம் கண்டுபிடித்தேன்.
அந்தப் பெயர் மறுபடி வந்திருந்தது,
நான்காம் முறை.
ஆட்களுக்கு எங்கள் அட்டவணையில் பத்தி கிடையாது.